பிரின்ஸ் நசீம் ஹமீத்தின் முதல் தோல்வி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தத் தோல்வியைப் பற்றிப் பேசுகிறோம்?

2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் உள்ள எம்.ஜி.எம். கிராண்ட் அரங்கில், இங்கிலாந்தைச் சேர்ந்த ‘பிரின்ஸ்’ நசீம் ஹமீத் மெக்சிகோவின் மார்கோ அந்தோனியோ பரேராவிடம் புள்ளிகள் அடிப்படையில் தோற்றார். அதற்கு முன்பு ஹமீத் ஆடியிருந்த 35 தொழில்முறைப் போட்டிகளிலும் அவரே வென்றிருந்தார். அவற்றில் 31 வெற்றிகள் எதிராளியைப் பாதியிலேயே வீழ்த்திப் பெற்றவை. பந்தயம் கட்டியவர்களில் பெரும்பாலோர் அவர் பக்கமே நின்றனர். ஆர்ப்பாட்டத்துக்கும் அளவு கடந்த தன்னம்பிக்கைக்கும் பெயர் போன ஒரு சாம்பியன் எப்படித் தோற்றார், அந்தத் தோல்வியிலிருந்து என்ன கற்றுக்கொள்ளலாம் என்று விவாதிக்கும்போது, குத்துச்சண்டை ரசிகர்கள் இன்றும் முதலில் குறிப்பிடும் போட்டிகளுள் இது ஒன்று.

ஹமீத் யார்? அவருடைய ஆட்டத்தில் அப்படி என்ன சிறப்பு?

யேமனிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1974ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று ஷெஃபீல்டு நகரில் பிறந்தவர் ஹமீத். சிறுவனாக இருக்கும்போதே அதே நகரில் பிரண்டன் இங்கிள் நடத்திவந்த பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தார். தரையில் கோடுகள் வரைந்து, அவற்றின் மேல் கால்களை மாற்றி மாற்றி வைத்து நகர்வதை மணிக்கணக்கில் பழக்குவது இங்கிளின் முறை. எந்தக் காலை முன்வைத்து நின்றாலும் தாக்கவும் விலகவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. அந்தக் கூடத்திலிருந்து வந்தவர்கள் கைகளைத் தாழ்த்தியபடி நின்று, கண்ணையும் இடுப்பையும் நம்பிக் குத்துகளைத் தவிர்ப்பதில் வல்லவர்களாக இருந்தனர். ஹமீத்திடம் இந்தக் கலையோடு பிறவியிலேயே அமைந்த பயங்கரமான குத்து வலிமையும் சேர்ந்திருந்தது.

1992இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த அவர், 1995 செப்டம்பர் 30 அன்று, 21 வயதில், கார்டிஃப் நகரின் திறந்தவெளி அரங்கில் ஸ்டீவ் ராபின்சனை வென்று டபிள்யூ.பி.ஓ. (உலகக் குத்துச்சண்டை அமைப்பு) ஃபெதர்வெயிட் பட்டத்தைக் கைப்பற்றினார். ஃபெதர்வெயிட் பிரிவின் எடை வரம்பு 126 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 57 கிலோ. இவ்வளவு குறைந்த எடையில், பின்புறமாகச் சாய்ந்து சமநிலை இழந்தது போலத் தோன்றும் நிலையிலிருந்தே ஒரே குத்தில் ஆளை வீழ்த்துபவரைப் பார்ப்பது அரிது.

அவருடைய ஆர்ப்பாட்டம் வெறும் விளம்பரம்தானா?

முற்றிலும் அப்படிச் சொல்ல முடியாது. சிறுத்தைத்தோல் போன்ற கால்சட்டை, கயிற்றின் மேல் கைவைத்துக் குட்டிக்கரணம் போட்டு மேடைக்குள் குதிப்பது, எதிராளி எந்தச் சுற்றில் விழுவார் என்று முன்கூட்டியே அறிவிப்பது ஆகியவை அவருடைய வழக்கங்கள். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் லண்டனில் தென்னாப்பிரிக்காவின் வுயானி பங்குவுடன் மோத வந்தபோது, பறக்கும் கம்பளம் ஒன்றில் அமர்ந்தபடி இறங்கிவந்தார். இவை அரங்கை நிரப்பின, தொலைக்காட்சி வருவாயைக் கூட்டின. இலகு எடைப் பிரிவு வீரர்களுக்கு அதுவரை எளிதில் கிடைக்காத பெரும் சம்பளத்தையும் அவருக்குப் பெற்றுத் தந்தன.

மேடைக்குள்ளும் அந்த ஆர்ப்பாட்டத்துக்கு வேலை இருந்தது. எதிராளியின் முகத்தெதிரே கைகளைத் தொங்கவிட்டு ஆடுவது அவரைச் சினமூட்டி அவசரமாகத் தாக்க வைக்கும். அவசரமாக முன்னால் பாய்ந்து வருபவர் ஹமீத்தின் இடக்கைக்குத் தாமாகவே தலையைக் கொண்டுவந்து கொடுப்பார். அவருடைய வெற்றிகளில் பல இந்த வகையில் வந்தவை. ஆகவே ‘ஆடம்பரம் செய்தார், அதனால் தோற்றார்’ என்று முடித்துவிடுவது நியாயமாகாது. எதிராளி அவசரப்படாமல் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவரிடம் இரண்டாவது விடை இல்லாமல் போனதே உண்மையான சிக்கல்.

தோல்விக்கு முன்பே எச்சரிக்கைகள் தென்பட்டனவா?

பல தென்பட்டன. 1996இல் டேனியல் அலிசியா அவரை முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். ஹமீத் எழுந்து இரண்டாம் சுற்றில் ஆட்டத்தை முடித்தார். 1997 டிசம்பர் 19 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்குயர் கார்டனில் கெவின் கெல்லியுடன் நடந்த போட்டி இன்னும் தெளிவான சான்று. ஹமீத் அமெரிக்காவில் ஆடிய முதல் போட்டி அது. திரைக்குப் பின்னால் நிழலுருவமாக நெடுநேரம் ஆடிவிட்டு மேடையேறிய அவர் மூன்று முறை தரையைத் தொட்டார். கெல்லியும் மூன்று முறை விழுந்து, நான்காம் சுற்றில் எழ முடியாமல் போனார். மறுநாள் எல்லோரும் பேசியது அந்த ஆட்டத்தின் விறுவிறுப்பைத்தான். கைகளைத் தாழ்த்தியபடி நேராகப் பின்வாங்கும் ஒருவர் மூன்று முறை ஒரே மாதிரியான தவற்றால் விழுந்ததை அக்கறையோடு பேசியவர்கள் குறைவு.

இந்தத் தோல்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. புள்ளிகள் அடிப்படையில் நெருக்கமாக வெல்பவர், தம் பிழைகளைத் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும். ஒரே குத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடும் வலிமை உள்ளவருக்கு அந்தக் கட்டாயம் வருவதில்லை. ஒவ்வொரு நாக் அவுட்டும் அதற்கு முந்தைய பிழைகளை அழித்துவிடுகிறது. 1998இல் வேய்ன் மெக்கல்லோ 12 சுற்றுகளும் தாக்குப்பிடித்தார். 1999இல் டெட்ராய்ட் நகரில் சீசர் சோட்டோவுடன் நடந்த போட்டி மல்யுத்தம் போல் ஆகி, எதிராளியை ஹமீத் தூக்கித் தரையில் போடும் அளவுக்குச் சென்றது. இரண்டிலும் அவர் வென்றார். வென்றதால், குத்து வேலை செய்யாத இரவுகளில் அவரிடம் வேறு என்ன இருக்கிறது என்ற கேள்வி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

பயிற்சியாளரைப் பிரிந்ததுதான் காரணமா?

ஒரு காரணம் என்று சொல்லலாம். சிறு வயது முதல் தம்மை உருவாக்கிய இங்கிளிடமிருந்து ஹமீத் 1998இல் கசப்போடு பிரிந்தார். பிறகு இமானுவேல் ஸ்டீவர்டும் ஆஸ்கர் சுவாரெஸும் அவருக்குப் பயிற்சி அளித்தனர். ஸ்டீவர்ட் அக்காலத்தின் மிகச் சிறந்த பயிற்சியாளர்களுள் ஒருவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் திறமை மட்டும் பயிற்சியாளருக்குப் போதாது. வீரர் கேட்க விரும்பாததைச் சொல்லவும், சொன்னதைச் செய்ய வைக்கவும் அவருக்கு அதிகாரம் வேண்டும். ஏழு வயதுச் சிறுவனாகப் பார்த்தவருக்கு இயல்பாகவே இருந்த அந்த அதிகாரம், உலகச் சாம்பியனான பின்பு சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவருக்குக் கிடைப்பது கடினம். பரேரா போட்டிக்காகக் கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் பகுதியில் நடந்த முகாமில், புதிய உத்திகளைப் பழகுவதைக் காட்டிலும் எடையைக் குறைப்பதற்கே அதிக உழைப்பு செலவானது. அதற்கு முந்தைய போட்டி 2000 ஆகஸ்டில் நடந்தது. ஏழு மாதங்களுக்கு மேல் அவர் மேடையேறியிருக்கவில்லை.

பரேரா எப்படிப்பட்ட வீரர்?

ஹமீத்தைவிட ஒரு மாதம்கூட மூத்தவர் அல்லர். 1974 ஜனவரி 17 அன்று மெக்சிகோ நகரில் பிறந்தவர். பரேராவும் ஒரு காலத்தில் தோல்வியே அறியாத சாம்பியனாக இருந்தார். 43 போட்டிகளில் தொடர்ந்து வென்றபின், 1996 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் ஜூனியர் ஜோன்ஸ் அவரை ஐந்தாம் சுற்றில் நிலைகுலைய வைத்தார். பரேராவின் பக்கத்து ஆள்களே மேடைக்குள் நுழைந்துவிட்டதால், அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டுத் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். 1997 ஏப்ரலில் நடந்த மறுபோட்டியிலும் ஜோன்ஸே புள்ளிகளில் வென்றார். ‘இவர் கதை முடிந்தது’ என்று பலர் எழுதிவைத்த அந்தக் கட்டத்திலிருந்து, முன்னால் பாய்ந்து அடிப்பதை மட்டும் நம்பாமல், தூரத்தையும் தற்காப்பையும் படிப்படியாகக் கற்றுக்கொண்டு அவர் திரும்பிவந்தார். 2000 பிப்ரவரியில் எரிக் மொராலஸிடம் நடுவர்களிடையே பிளவுபட்ட தீர்ப்பில் தோற்றார். ஆனாலும் அந்தப் போட்டிக்குப் பின் அவருடைய மதிப்பு கூடத்தான் செய்தது.

ஹமீத் தரப்பு எதிர்பார்த்தது மொராலஸுடன் முட்டி மோதிய பரேராவை. லாஸ் வேகாஸில் வந்து நின்றவர் ஜோன்ஸிடம் பாடம் கற்ற பரேரா.

அன்று மேடையில் உண்மையில் என்ன நடந்தது?

முதலில் மேடையேறும் காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். ஹமீத் கூரையிலிருந்து ஒரு வளையத்தில் அமர்ந்தபடி இறங்கிவந்தார். பெரும்பகுதி மெக்சிகோ ரசிகர்கள் நிறைந்த கூட்டத்திலிருந்து அவர்மீது பானங்கள் வீசப்பட்டன. வழக்கமான குட்டிக்கரணத்தை அன்று அவர் போடவில்லை. பரேராவோ மேடையில் உடலைச் சூடாக்கிக்கொண்டு காத்திருந்தார்.

ஆட்டம் தொடங்கியதும், முட்டி மோதப்போகிறார் என்று எல்லோரும் நினைத்த பரேரா மோதவில்லை. ஹமீத் இடக்கை ஆட்டக்காரர்; அவருடைய வலது கால் முன்னால் இருக்கும், ஆபத்து பின்னாலிருக்கும் இடக்கையில் இருக்கும். பரேரா தம் இடது காலை ஹமீத்தின் வலது காலுக்கு வெளிப்புறமாக வைத்துக்கொண்டு, தம் இடப்பக்கமாகவே, அதாவது அந்த இடக்கையிலிருந்து விலகிச் செல்லும் திசையிலேயே, சுற்றிக்கொண்டிருந்தார். ஹமீத் பாய்ந்து தாக்கும்போது அரை அடி பின்வாங்குவார். குத்து காற்றில் போனதும், ஹமீத்தின் கால்கள் மீண்டும் நிலைகொள்வதற்குள், இடக்கை ஹுக்கை, அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்தை, செலுத்துவார். முதல் சுற்றிலேயே அப்படி விழுந்த ஒரு ஹுக் ஹமீத்தைத் தடுமாற வைத்தது. அதன்பின் தாக்குதலில் அவர் முன்போல் துணிந்து பாயவில்லை.

ஐந்தாறு சுற்றுகள் கடந்தபின் ஆட்டத்தின் வடிவம் மாறாமல் நிலைத்துவிட்டது. ஹமீத் ஒற்றைக் குத்துக்காகக் காத்திருந்தார். பரேரா இரண்டு மூன்று குத்துகளைக் கோத்து அடித்துவிட்டு, பதில் வருவதற்குள் கைகளை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டார். சீண்டினாலும் சிரித்தாலும் கைகளைத் தொங்கவிட்டாலும் பரேரா அவசரப்படவே இல்லை. தூரத்தை அளந்து எதிராளியின் கண்ணை மறைக்கும் ஜாப் குத்தை ஹமீத் பெயரளவுக்கே பயன்படுத்தினார். அதைப் பொறுமையாகப் பயன்படுத்தியிருந்தால் பரேராவின் சுற்றுப்பாதையையாவது தடுத்திருக்கலாம்.

தீர்ப்பில் ஏதேனும் சர்ச்சை உண்டா?

இல்லை. மூன்று நடுவர்களும் பரேராவுக்கே வெற்றியளித்தனர்: 115-112, 115-112, 116-111. 12ஆம் சுற்றில் பரேரா ஹமீத்தைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, மூலைத் தூணில் அவர் முகத்தை மோதினார். அதற்காக மேடை நடுவர் ஜோ கோர்ட்டெஸ் ஒரு புள்ளியைக் கழித்தார். ஒரு சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்ற வழக்கமான முறையில், அந்தப் புள்ளியையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு நடுவர்களின் கணக்கில் 8 சுற்றுகளும், மூன்றாமவர் கணக்கில் 9 சுற்றுகளும் பரேராவுடையவை. மூலைத் தூணில் மோதியது தவறுதான், தண்டனையும் சரிதான். ஆனால் அது முடிவைச் சிறிதும் மாற்றவில்லை. ஹமீத்தும் மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். சாக்குப்போக்குச் சொல்லாத அந்தப் பண்பை அவர் கணக்கில் எழுத வேண்டும்.

தன்னம்பிக்கைக்கும் அளவு மீறிய நம்பிக்கைக்கும் எல்லை எங்கே?

மேடையில் பேசும் பேச்சை வைத்து இதை அளக்க முடியாது. முகமது அலியைவிட அதிகமாகப் பேசியவர் குத்துச்சண்டையில் யாருமில்லை. ஆனால் அதிகாலை ஓட்டத்திலும் பயிற்சிக்கூடத்திலும் அவர் செலுத்திய உழைப்பு பேச்சுக்குக் குறையாதது. என் பார்வையில் எல்லைக்கோடு தயாரிப்பில் இருக்கிறது. ‘நான் வெல்வேன், ஆகவே அதற்கு வேண்டியதையெல்லாம் செய்வேன்’ என்பவர் ஒரு வகை. ‘எப்படியும் வெல்வேன், ஆகவே இவ்வளவு போதும்’ என்பவர் இன்னொரு வகை. இருவரும் செய்தியாளர் சந்திப்பில் ஒன்றுபோலத்தான் பேசுவார்கள். வேறுபாடு எடைபார்க்கும் நாளிலும் ஏழாம் சுற்றிலும் தெரியும்.

மற்றச் சாம்பியன்கள் முதல் தோல்வியை எப்படி எதிர்கொண்டார்கள்?

அலியின் முதல் தோல்வி 1971 மார்ச் 8 அன்று மேடிசன் ஸ்குயர் கார்டனில், ஜோ ஃப்ரேசியரிடம் வந்தது. அலி அப்பர்கட் (கீழிருந்து மேல்நோக்கி வரும் குத்து) அடிக்கும்போது வலக்கை தாழ்கிறது என்பதை ஃப்ரேசியரின் பயிற்சியாளர்களுள் ஒருவரான எடி ஃபட்ச் கண்டறிந்திருந்தார். இடக்கை ஹுக்குக்கு அதுவே வாசலாக அமைந்தது. 15ஆம் சுற்றில் அலி அத்தகைய ஹுக்கில் விழுந்தார். அதன்பின் 1974இலும் 1975இலும் ஃப்ரேசியரை அவர் வென்றார். பழைய வேகம் திரும்பாது என்பதை ஏற்றுக்கொண்டு, கட்டிப்பிடிப்பதையும் அடிதாங்குவதையும் கயிற்றில் சாய்ந்து காத்திருப்பதையும் தம் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டதே அந்த வெற்றிகளின் அடிப்படை. அந்த மாற்றத்துக்கு அவர் உடல் கொடுத்த விலை பெரிது என்பதையும் மறைக்கக் கூடாது.

மைக் டைசனின் கதை ஹமீத்தின் கதைக்கு மிக நெருக்கமானது. 37 வெற்றிகளுக்குப் பின், 1990 பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அவரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தினார். டைசனும் தம்மை நன்கறிந்த பயிற்சியாளர் கெவின் ரூனியை 1988இலேயே விலக்கியிருந்தார். அன்று அவர் கண் வீங்கியபோது, வீக்கத்தை அழுத்திக் குறைக்கும் குளிர்ந்த உலோகக் கருவி அவருடைய உதவியாளர்கள் நிற்கும் மூலையில் இல்லை. ரப்பர் கையுறை ஒன்றில் பனிநீரை நிரப்பிக் கண்ணில் வைத்துக்கொண்டிருந்தார்கள். உலகச் சாம்பியனின் மூலையில் அந்தச் சிறு கருவிகூட இல்லாமல் போனதற்கு, அது தேவைப்படும் என்று யாரும் நினைக்காததைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

எல்லோரிலும் சிறந்த பதிலைக் கொடுத்தவர் லெனாக்ஸ் லூயிஸ் என்பேன். 1994 செப்டம்பர் 24 அன்று வெம்பிளியில் ஆலிவர் மெக்கால் அவரை இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். மெக்காலுக்கு அந்த வியூகத்தை வகுத்துக் கொடுத்தவர் இமானுவேல் ஸ்டீவர்ட். லூயிஸ் அந்த ஸ்டீவர்டையே தம் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டார். தம் குறையைக் கண்டுபிடித்தவரைவிட அதைச் சரிசெய்யத் தகுந்தவர் யார் என்ற அந்தக் கணக்கில் ஆணவத்துக்கு இடமே இல்லை. ஹமீத் தோற்ற இரண்டு வாரங்களில், 2001 ஏப்ரல் 22 அன்று, லூயிஸும் அலட்சியத்தால் ஹசீம் ரஹ்மானிடம் தோற்றார்; அதே ஆண்டு நவம்பரில் மறுபோட்டியில் நான்காம் சுற்றிலேயே அவரை வீழ்த்திப் பட்டத்தை மீட்டார்.

ஹமீத் – பரேரா மறுபோட்டி நடந்ததா?

நடக்கவில்லை. ஹமீத் அதன்பின் ஒரே ஒரு போட்டியில் ஆடினார். 2002 மே 18 அன்று லண்டனில் ஸ்பெயினின் மானுவேல் கால்வோவை 12 சுற்றுகளில் புள்ளிகளால் வென்றார். உயிரற்ற ஆட்டம் என்று கூட்டம் அதிருப்தி தெரிவித்தது. 28 வயதில் அவருடைய ஆட்டவாழ்க்கை முடிந்தது: 37 போட்டிகள், 36 வெற்றிகள், ஒரு தோல்வி. கைகளில் தொடர்ந்து இருந்த காயங்களை அவர் பின்னாளில் காரணமாகச் சொன்னார். கைகள் உடைந்துகொண்டே இருக்கும் குத்துச்சண்டை வீரரின் வேதனையை வெளியிலிருந்து எளிதாக எடைபோட முடியாது. ஆயினும், தோல்வியே காணாதவர் என்ற பிம்பத்தின்மேல் கட்டப்பட்ட வாழ்க்கைக்கு ஒரு தோல்விக்குப் பின் என்ன செய்வது என்று தெரியாமல் போனதும் இதில் பங்கு வகித்தது என்றே நான் கருதுகிறேன். ஜோன்ஸிடம் தோற்ற பரேராவுக்குத் திரும்பிவர வழி இருந்தது; தாம் வெல்ல முடியாதவர் என்று அவர் யாருக்கும் விற்றிருக்கவில்லை.

ஒரே தோல்வியால் அவருடைய பெருமை அழிந்துவிட்டதா?

அழியவில்லை. 2015இல் சர்வதேச குத்துச்சண்டைப் புகழ்மண்டபத்தில் அவர் சேர்க்கப்பட்டார். டாம் ஜான்சன், கெல்லி, பங்கு, சோட்டோ ஆகியோர் சாதாரண எதிராளிகள் அல்லர். பரேராவும் அதன்பின் மொராலஸை இரண்டு முறை வென்று தம் தலைமுறையின் தலைசிறந்தவர்களுள் ஒருவரானார். அப்படிப்பட்டவரிடம் புள்ளிகளில் தோற்பதில் இழிவு ஏதுமில்லை.

பயிற்சியாளர்களும் இளம் வீரர்களும் இதிலிருந்து நடைமுறையில் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

வென்ற போட்டியின் பதிவை, தோற்ற போட்டியைப் பார்ப்பது போலவே பார்க்க வேண்டும். நாக் அவுட் வந்த நொடிக்கு முன்பு வீரர் எத்தனை முறை அடிவாங்கினார், ஒவ்வொரு முறையும் அவர் கால் எங்கே இருந்தது என்று எழுதிவைத்தால், அடுத்த எதிராளி கண்டுபிடிப்பதற்கு முன்பே குறை தெரிந்துவிடும். இரண்டாவதாக, சீண்டலுக்கு மயங்காத, விலகிச் சுற்றுகின்ற ஒருவரைப் பயிற்சியில் எதிரே நிறுத்த வேண்டும். வீரருக்குப் பிடித்த வகையில் பாய்ந்துவரும் ஆள்களோடு மட்டும் பழகுவது அவருடைய நம்பிக்கையை வளர்க்கும், ஆட்டத்தை வளர்க்காது. எடையைப் போட்டிகளுக்கு இடையிலும் கட்டுக்குள் வைத்திருப்பது மூன்றாவது. முகாமின் வாரங்கள் கற்பதற்கு உரியவை.

இந்தப் போட்டியின் பதிவைப் பார்க்க விரும்புபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் மூன்று சுற்றுகளில் கைகளைப் பார்க்காமல் பரேராவின் இடது காலை மட்டும் பாருங்கள். ஹமீத்தின் வலது காலுக்கு வெளியே அது எத்தனை முறை வந்து அமர்கிறது என்பதும், அப்படி அமர்ந்தபின் ஹமீத்தின் இடக்கை எவ்வளவு தூரம் சுற்றிவர வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும். அதன்பின் ஒன்பதாம், பத்தாம் சுற்றுகளுக்குச் சென்று ஹமீத்தின் கால்களைப் பாருங்கள். முன்பு எல்லாத் திசைகளிலும் துள்ளிய அந்தக் கால்கள் மேடையின் நடுவில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்று, பரேரா சுற்றிவரும் திசைக்கேற்பத் திரும்பிக்கொண்டு மட்டும் இருக்கும்.